தெரியாமலே இருக்கும் சீலியாக் நோய்: குடும்ப டாக்டர் எந்த வழியில் தேடலாம்?

பிரிட்டனில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்குச் சீலியாக் நோய் இருக்கிறது. ஆனால் நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அது கண்டறியப்பட்டிருக்கிறது. பத்தாயிரம் பேர் பதிவு செய்துள்ள ஒரு ஜிபி சர்ஜரியை, அதாவது குடும்ப டாக்டரின் கிளினிக்கை, எடுத்துக்கொண்டால், நூறு பேருக்கு நோய் இருக்கும், முப்பத்தைந்து பேர் அளவில்தான் பதிவேட்டில் ஏறியிருப்பார்கள். மீதி அறுபத்துச் சொச்சம் பேர் டாக்டருக்கு முன்பின் தெரியாதவர்கள் இல்லை. இரும்புச்சத்து மாத்திரைக்கு, தைராய்டு மாத்திரைக்கு, தீராத அசதிக்கு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண்ணுக்கு என்று அதே சர்ஜரிக்கு வந்து போய்க்கொண்டிருப்பவர்கள்தான். முதல் அறிகுறி தோன்றியதற்கும் நோய் உறுதியானதற்கும் நடுவே சராசரியாக 13 ஆண்டுகள் ஓடிவிடுவதாக அந்நாட்டு நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு சொன்னது. பதின்மூன்று ஆண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து எட்டாம் வகுப்பு போகிற காலம்.

இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? நோய் தானாக முற்றி வெளியே தெரியட்டும் என்று காத்திருக்கலாம். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யலாம். சந்தேகத்துக்கு இடமுள்ளவர்களை மட்டும் தேடிச் சோதிக்கலாம். அல்லது, நிறையப் பேர் தாங்களாகவே செய்வதுபோல, கோதுமையை நிறுத்திவிட்டு உடம்பு தேறுகிறதா என்று பார்க்கலாம். நான்கையும் சம தூரத்தில் வைத்துப் பேச எனக்கு மனமில்லை. மூன்றாவது வழிதான் சரி என்பது என் முடிவு. அதையும் இன்று பல இடங்களில் நடப்பதுபோல டாக்டரின் ஞாபகத்தை நம்பிச் செய்யாமல், ரத்த ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கட்டிச் செய்ய வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், சிலருடைய நோயெதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். சிறுகுடலின் உள்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிப் போகும். சாப்பிட்டதில் உள்ள இரும்பும் ஃபோலேட்டும் கால்சியமும் உடம்பில் சேராது. இது ஒவ்வாமை இல்லை, தன்னுடல் தாக்கு நோய். வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத உணவு ஒன்றே மருந்து. இந்த உண்மையை நிலைநாட்டியவர் வில்லம் டிக்கெ என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். ரொட்டி சாப்பிட்டால் குழந்தைகளுக்கு நோய் கூடுகிறது என்று அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. 1944–45 பனிக்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனபோது, ஊரே பட்டினி கிடக்க, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் கோதுமைதான் காரணம் என்று அவர் எழுதினார்.

காத்திருப்பது

1888-இல் லண்டனில் சாமுவேல் ஜீ எழுதிய விவரிப்பிலிருந்து நூறாண்டு காலம் மருத்துவர் மனதில் ஒரே சித்திரம்தான் இருந்தது: கை கால் சூம்பி, வயிறு மட்டும் உப்பி, ஓயாமல் பேதியாகும் குழந்தை. இந்தச் சித்திரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தால் நோயாளிகளில் பெரும்பாலோரைத் தவறவிடுவோம் என்பதற்கு நல்ல சான்று 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு. மத்திய இங்கிலாந்தில் ஒன்பது சர்ஜரிகள் சேர்ந்து, சந்தேகத்துக்கு இடமுள்ள 1,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தன. 30 பேருக்கு நோய் இருந்தது, அத்தனை பேருக்கும் குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் உறுதியானது. அந்த 30 பேரில் 25 பேர் வயிற்றுத் தொந்தரவு என்று வந்தவர்களே இல்லை. பாதிப் பேர், அதாவது 15 பேர், ரத்தசோகையோடு வந்தவர்கள்.

அதனால் காத்திருப்பதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. செலவில்லாததுபோலத் தெரியும். ஆனால் எலும்பு தேய்வதும், கருச்சிதைவுக்குக் காரணம் தெரியாமல் ஒரு பெண் அலைவதும், குழந்தை வளராமல் நிற்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

எல்லோரையும் சோதிப்பது

இதற்கு நேர் எதிர்முனையில் இத்தாலி நிற்கிறது. 2023 செப்டம்பரில் அந்நாடு ஒரு சட்டமே இயற்றியது. குழந்தைகள் எல்லோருக்கும் சீலியாக் நோய்க்கும் முதல் வகை சர்க்கரை நோய்க்கும் தேசிய அளவில் பரிசோதனை செய்வது என்று முடிவெடுத்து, முதல் கட்டமாக லொம்பார்டியா, மார்கே, கம்பானியா, சார்டீனியா ஆகிய நான்கு பகுதிகளில் தொடங்கினார்கள். இந்த ஆசை வெறுங்கையோடு பிறந்ததில்லை. சுவீடனில் 2005–06-இல் ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட 12 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, நூற்றில் மூன்று பேருக்கு நோய் இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு அதுவரை யாருமே அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை.

இதைப் படித்தால் எல்லோரையும் சோதித்துவிட்டால் என்ன என்றுதான் தோன்றும். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேரைப் பிடித்து, நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேரைத் தவறாகக் காட்டும் ஒரு பரிசோதனை நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நல்ல பரிசோதனைதான். பத்தாயிரம் பேரைச் சோதிக்கிறோம். நோய் உள்ள 100 பேரில் 95 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோய் இல்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தம் 590 பேர் பயந்துபோய் வாசலில் நிற்பார்கள், அவர்களில் ஆறில் ஒருவருக்குக்கூட நோய் இருக்காது. இரண்டாவது பரிசோதனை வைத்து வடிகட்டலாம்தான். ஆனால் அந்த 590 பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச, பத்து நிமிட அப்பாயின்ட்மென்ட்டில் ஓடும் சர்ஜரியால் முடியுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நோய் எந்த வயதிலும் தொடங்கலாம். பத்து வயதில் நெகட்டிவ் வந்தவருக்கு நாற்பதில் வரலாம். ஒருமுறை சோதித்துவிட்டுக் கோப்பை மூட முடியாது. அப்புறம், எந்தத் தொந்தரவும் இல்லாதவரை வாழ்நாள் பத்தியத்தில் வைப்பதால் என்ன நன்மை என்ற கேள்வி. கேம்பிரிட்ஜில் 45 வயதுக்கு மேற்பட்ட ஏழாயிரத்து ஐந்நூறு பேரிடம் செய்த ஆய்வில், தெரியாமலே நோயோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 1.2 பேர். அவர்களுக்கு லேசான ரத்தசோகையும் எலும்புத் தேய்வும் மற்றவர்களைவிட அதிகம் இருந்தன. ஆனாலும் பலர் தங்கள் உடல்நிலை நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். பின்லாந்தில் 40 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை, அறிகுறி இல்லாதவர்களுக்கும் பத்தியம் பலன் தருகிறது என்று காட்டியது. நல்ல சோதனைதான், ஆனால் ஒரு நாட்டையே சோதிக்க 40 பேர் போதாது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2017-இல் ஆதரவாகவோ எதிராகவோ சொல்லப் போதிய சான்று இல்லை என்று நின்றுவிட்டது. பிரிட்டனின் தேசியப் பரிசோதனைக் குழு எல்லோரையும் சோதிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. இத்தாலி செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். சட்டம், பணம், தொடர்ந்து கவனிக்க மருத்துவமனை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துகொண்டு ஓர் அரசு இறங்குவது வேறு, ஒரு தனி சர்ஜரி இறங்குவது வேறு.

சந்தேகம் உள்ளவர்களைத் தேடுவது

மேலே போட்ட அதே கணக்கை, நூற்றில் மூன்று பேருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் நோய் உள்ள 30 பேர். கிட்டத்தட்ட 28 பேருக்குப் பாசிட்டிவ். நோய் இல்லாத 970 பேரில் 48 பேருக்குத் தவறான பாசிட்டிவ். இப்போது பாசிட்டிவ் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நிஜமாகவே நோய். பரிசோதனை அதேதான், யாரிடம் செய்கிறோம் என்பதுதான் மாறியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்ப டாக்டர்கள் இப்படித் தேர்ந்தெடுத்து 976 பேரைச் சோதித்தபோது 22 பேருக்கு நோய் கண்டுபிடித்தார்கள். 2007-இல் வந்த முடிவு அது.

சரி, யாரைச் சந்தேகிப்பது? சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் ஒரு பட்டியல் தந்தது. காரணம் தெரியாத வயிற்றுத் தொந்தரவு, நீடித்த அசதி, எதிர்பாராத எடைக்குறைவு, விடாத வாய்ப்புண், இரும்பு அல்லது பி12 அல்லது ஃபோலேட் குறைபாடு, முதல் வகை சர்க்கரை நோய், தன்னுடல் தாக்கும் தைராய்டு நோய், பெரியவர்களில் ஐபிஎஸ் என்ற எரிச்சல் குடல் நோய், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்குப் பரிசோதனை செய்யச் சொன்னது. எலும்புத் தேய்வு, காரணம் தெரியாத நரம்புக் கோளாறு, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, இறங்காத ஈரல் என்ஸைம், பல் எனாமல் குறைபாடு என்றால் யோசித்துப் பார்க்கச் சொன்னது. பட்டியல் நன்றாகவே இருக்கிறது. அது சுவரில் ஒட்டப்பட்டு, மறந்துபோவதுதான் பிரச்சினை.

இந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2021-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பேதி, வயிற்றுவலி போன்ற குடல் அறிகுறிகள் தனித்தனியாக எதையும் பிரித்துக் காட்டப் பெரிதாக உதவவில்லை. குடும்பத்தில் நோய் இருப்பது, ரத்தசோகை, முதல் வகை சர்க்கரை நோய், எலும்புத் தேய்வு, ஈரல் நோய் போன்றவைதான் உதவின. எல்லோரும் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தடயம் வேறு இடத்தில் இருக்கிறது. இரும்புக் குறைபாட்டு ரத்தசோகை உள்ளவர்களில் ஏறக்குறைய 31 பேரில் ஒருவருக்குப் பயாப்ஸியில் சீலியாக் நோய் தெரிகிறது என்று ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. நோயாளியின் நெருங்கிய உறவினரில் பத்துப் பதினைந்து பேருக்கு ஒருவர் அளவில் இருக்கிறது.

இது நடைமுறையில் எங்கே நழுவுகிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் குறைவு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஒற்றை இலக்கத்தில். "மாதவிலக்கு அதிகமா?" என்று டாக்டர் கேட்கிறார். "கொஞ்சம் அதிகம்தான்" என்கிறார் அவர். அவ்வளவுதான், காரணம் கிடைத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு மாத்திரை. ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறுகிறது, மாத்திரை நிற்கிறது. அடுத்த ஆண்டு வேறு ஒரு டாக்டர், அதே கேள்வி, அதே பதில், அதே மாத்திரை. ஒவ்வொரு முறையும் தனியாகப் பார்த்தால் யாரும் தப்புச் செய்யவில்லை. மூன்று ஆண்டு ரிப்போர்ட்டுகளையும் ஒரே திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான், கொடுக்கிற இரும்பு ஏன் உடம்பில் தங்கவில்லை என்ற கேள்வி எழும். இத்தனைக்கும் மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கும் இரும்புக் குறைபாட்டு ரத்தசோகை என்றால் சீலியாக் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பிரிட்டனின் குடல் மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது.

அதனால்தான் ஞாபகத்தை நம்ப வேண்டாம் என்கிறேன். ஃபெரிட்டின் குறைவு என்று ரிப்போர்ட் வரும் அந்த நிமிடத்தில், கணினியே "சீலியாக் பார்த்தாயிற்றா?" என்று கேட்கும்படி செய்யலாம். ரத்தம் லேபில் இருக்கும்போதே அதே மாதிரியில் இந்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லலாம். நோயாளி இன்னொரு முறை ஊசி குத்திக்கொள்ள வேண்டியதில்லை. முதல் வகை சர்க்கரை நோயோ தைராய்டு நோயோ புதிதாகப் பதிவாகும்போதும் இப்படித்தான். யாருக்காவது சீலியாக் உறுதியானால், அன்றைக்கே அவருடைய பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வேலை கூடும் என்பது உண்மை. ஆனால் பத்தாயிரம் பேரைக் கூப்பிடும் வேலை இல்லை, எப்படியும் ரத்தம் கொடுக்க வந்தவர்களிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கும் வேலை.

கோதுமையை நிறுத்திப் பார்ப்பது

நோயாளிகளுக்கு மிகவும் பிடித்த வழி இது. ஊசி இல்லை, காத்திருப்பு இல்லை. நண்பர் சொன்னார், இரண்டு வாரம் ரொட்டியை விட்டேன், வயிறு லேசாகிவிட்டது என்பார்கள். நான்கு வழிகளிலும் இதைத்தான் நான் மிகவும் கடுமையாக எதிர்க்கிறேன். காத்திருந்தால் காலம்தான் போகும், நிறுத்திவிட்டாலோ சான்றே அழிந்துவிடும். குளூட்டன் இல்லாவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் மெல்லக் குறையும், குடலுறிஞ்சிகள் மீண்டும் வளரும். அப்போது சோதித்தால் நோய் உள்ளவருக்கும் நெகட்டிவ் வரலாம். கோதுமையை விட்டதில் வயிறு லேசானது என்பதும் எதையும் நிரூபிக்காது. கோதுமையில் உள்ள வேறு சில மாவுச்சத்துகளே ஐபிஎஸ் உள்ளவருக்கு வாயுவை உண்டாக்கும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர் பரிசோதனைக்கு வந்தால், நைஸ் சொல்வது இதுதான்: தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு, குறைந்தது ஆறு வாரம். நிறுத்தியதால் நிம்மதி கண்டவரிடம் போய் மறுபடி ஆறு வாரம் சாப்பிடச் சொல்வது எவ்வளவு கொடுமை! பலர் முடியாது என்று போய்விடுகிறார்கள். அப்புறம் காலமெல்லாம் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற நிலைதான். உறுதியான நோய் என்றால் இங்கிலாந்தின் பல பகுதிகளில் குளூட்டன் இல்லாத ரொட்டியும் மாவும் மருந்துச்சீட்டில் வாங்கலாம், டயட்டீஷியனைப் பார்க்கலாம், எலும்பு ஸ்கேன் எடுக்கலாம், குடும்பத்தாரைச் சோதிக்கலாம். தானாகப் பத்தியம் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் சுலபமாகக் கிடைக்காது.

எந்தப் பரிசோதனை

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முதலில் டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐஜிஏ அளவு. இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதமே உடம்பில் சுரக்காது. அவர்களுடைய ரிப்போர்ட்டில் டிடிஜி ஐஜிஏ அழகாக நார்மல் என்று வரும். மொத்த ஐஜிஏ பார்த்தால்தான் குட்டு உடையும், அப்போது ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் பரிசோதனைக்குப் போக வேண்டும். டிடிஜி லேசாக மட்டும் கூடியிருந்தால் இஎம்ஏ என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதப் பரிசோதனை. அது தவறான பாசிட்டிவ் மிகக் குறைவாகவே தரும்.

விரலில் குத்திப் பத்து நிமிடத்தில் பார்க்கும் கிட்டுகள் பெரியவர்கள் விஷயத்தில் லேபுக்கு மாற்றாகாது. ஊசிக்கு அஞ்சும் சின்னக் குழந்தைகளிடம் அவை பயன்படும். நெதர்லாந்தின் ஒரு பகுதியில் குழந்தை நல மையங்களில் அறிகுறி உள்ள ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இப்படித்தான் சோதித்துப் பார்த்தார்கள். மரபணுச் சோதனையை முதல் படியாக வைப்பது வீண். இந்த நோயோடு தொடர்புள்ள டிக்யூ2, டிக்யூ8 மரபணுக்கள் மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கின்றன. இருப்பதால் நோய் என்று அர்த்தமில்லை, இரண்டும் இல்லை என்றால் நோய் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆகவே குழப்பமான கேஸில் "இல்லை" என்று சொல்ல மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தால் எண்டோஸ்கோப்பியும் பயாப்ஸியும் என்பது வழக்கம். குழந்தைகளுக்கு, டிடிஜி அளவு லேபின் உச்ச வரம்பைப்போலப் பத்து மடங்குக்குக் குறையாமல் இருந்து, வேறொரு நாள் எடுத்த ரத்தத்தில் இஎம்ஏவும் பாசிட்டிவ் என்றால் பயாப்ஸி தேவையில்லை என்று ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2020-இல் சொன்னது. எது எப்படியோ, அந்த முடிவை எடுப்பவர் குடல் நோய் நிபுணர். அவர் சொல்லும்வரை ரொட்டியை நிறுத்தக் கூடாது என்று நோயாளியிடம் அழுத்திச் சொல்லி அனுப்புவது குடும்ப டாக்டரின் வேலை.

நம் ஊருக்கு இது பொருந்துமா

அப்படியே பொருந்தாது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா மூன்றிலும் சேர்த்து 23,331 பேரைப் பார்த்தார்கள். வடக்கே ஆயிரம் பேரில் 8.53 பேருக்குச் சீலியாக் நோய், தெற்கே ஆயிரத்துக்கு 0.11 தான். மரபணு காரணமில்லை: அந்த மரபணுக்கள் உள்ளவர்கள் வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம், ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம்.

தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அங்கே ரத்தசோகை என்றாலே சீலியாக் பரிசோதனை என்று வைத்தால், இங்கிலாந்தில் நல்லதாக இருந்த வழி வீண் செலவாகிவிடும். முறையாக மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தசோகை, வளராமல் நிற்கும் குழந்தை, முதல் வகை சர்க்கரை நோய், வடக்கிலிருந்து வந்து குடியேறிச் சப்பாத்தியே பிரதானமாகச் சாப்பிடும் குடும்பம் என்று வட்டத்தைச் சுருக்கிக்கொள்வதுதான் சரி.

லண்டனிலோ டொரண்டோவிலோ உள்ள தமிழருக்கு அந்த 0.11-ஐக் காட்டி, "உங்க ஆளுங்களுக்கு இது வராது" என்று எந்த டாக்டரும் சொல்லக் கூடாது. மரபணு நம்மிடம் இருக்கிறது. காலையில் டோஸ்ட், மதியம் சாண்ட்விச், இரவில் சப்பாத்தி என்று தட்டும் மாறிவிட்டது. அங்குள்ள டாக்டர் உணவைப் பற்றிக் கேட்கும்போது "நாங்கள் சோறுதான்" என்று சொல்லி முடிக்காமல், உப்புமா ரவை, சேமியா, பரோட்டா எல்லாம் கோதுமைதான் என்று நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பரிசோதனைக்கு முன் என்ன சாப்பிட்டார் என்று தெரிவதற்கு மட்டுமல்ல, நோய் உறுதியானபின் சாம்பாரில் என்ன போடுவது என்று யோசிப்பதற்கும் இது தெரிந்திருக்க வேண்டும். குளூட்டன் கலக்காத பெருங்காயம் கிடைக்கிறது. டப்பாவில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்து வாங்கலாம்.